மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன்: எஃப்1 எஞ்சினுக்கு நம்பர் பிளேட் மாட்டியது வீண் வேலையா?

வேகப்பித்தன்

வணக்கம் நண்பர்களே. ஹைப்ரிட் ஹைப்பர்கார், அதாவது பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் அதிவேகக் கார் என்று ஆரம்பித்தாலே பேச்சு போர்ஷே 918, மெக்லாரன் பி1, லாஃபெராரி என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்புறம் வந்த மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் காரைப் பற்றி விரிவாகப் பேசத்தான் இந்த இழை.

2017 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் மெர்சிடிஸ் அதை "ப்ராஜெக்ட் ஒன்" என்ற பெயரில் முதலில் காட்டினார்கள். லூயிஸ் ஹாமில்டனே மேடைக்கு ஓட்டி வந்தார். ஃபார்முலா ஒன் (எஃப்1) பந்தயக் காரில் இருக்கும் 1.6 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) டர்போ ஹைப்ரிட் எஞ்சினை அப்படியே சாலைக் காரில் வைக்கிறோம் என்பதுதான் அறிவிப்பு. மொத்தம் 275 கார்கள். விலை வரி இல்லாமல் 22.75 லட்சம் யூரோ. அன்றைய மதிப்பில் 17 கோடி ரூபாய்க்கு மேல்.

விற்பனைக்கான கார் ஏஎம்ஜி ஒன் என்ற பெயரில் வெளியே வந்தது 2022 ஜூனில். முதல் கார் வாங்கியவர் கைக்குப் போனது 2023 ஜனவரியில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பல பேர் இது வரவே வராது என்றார்கள்.

எஃப்1 தொழில்நுட்பம் என்று விளம்பரத்தில் சொல்லும் கார்கள் நிறைய. பெரும்பாலும் அது ஸ்டீயரிங்கோடும் கார்பன் ஃபைபரோடும் முடிந்துவிடும். இங்கேதான் எஞ்சினே வந்திருக்கிறது. கடந்த இருபது வருடத்தில் சாலைக்கு வந்த கார்களில் இதைவிடப் பெரிய பொறியியல் சாதனை இல்லை என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன்

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் வேகப்பித்தன்.

மொத்தச் சக்தி 1,063 குதிரைத்திறன். நல்லது. ரிமாட்ஸ் நெவேரா முழு மின்சாரத்தில் 1,914 குதிரைத்திறன் தருகிறது. அதற்கு பிஸ்டனும் வேண்டாம், டர்போவும் வேண்டாம். சரி, பெட்ரோல் எஞ்சின் இருந்தே ஆக வேண்டும் என்றால், நீங்கள் சொன்ன அந்த மூன்று கார்களும் 2013-லேயே ஹைப்ரிட் ஹைப்பர்காரைக் காட்டிவிட்டன. சொன்ன காலத்துக்குக் கிட்டத்தட்ட சரியாக வாடிக்கையாளர் கைக்கும் போய்ச் சேர்ந்தன.

இங்கே என்ன நடந்தது? சாலைக்குப் பொருந்தாத எஞ்சினை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். அதைப் பொருந்த வைக்க ஐந்து வருடம் போனது. அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப மாற்றினால் காரின் திறன் குறைந்துவிடும் என்று அந்தச் சந்தையையே விட்டுவிட்டார்கள். 50,000 கிலோமீட்டரில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று 2017-லேயே பேச்சு வந்தது. கஷ்டப்பட்டார்கள் என்பதற்காக ஒன்றைச் சாதனை என்று சொல்ல முடியாது. அந்தக் கஷ்டத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

பழைய மெக்கானிக்

கணக்கன் தம்பி, "பொருந்தாத எஞ்சின்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பொருந்தாமை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் ஐந்து வருடம் எதற்குப் போனது என்று தெரியும்.

பெரிய சிக்கல் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் அணையாமல் ஓடுவது. சாதாரண கார் 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நின்று மூச்சு விடும். எஃப்1 எஞ்சின் நிற்பதே 5,000 பக்கம். அது பத்தாயிரத்துக்கு மேல் காற்றை விழுங்குவதற்காகச் செய்த எஞ்சின். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், காற்று உள்ளே வரும் இன்டேக் வழி, வால்வு திறக்கும் நேரம் எல்லாம் அந்த வேகத்துக்குத்தான் வெட்டியிருக்கும். சுழலும் பாகங்கள் எடை குறைவு என்பதால், ஒரு எரிப்புக்கும் அடுத்த எரிப்புக்கும் நடுவில் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போக உந்தமும் குறைவு. கீழ் வேகத்தில் காற்றும் பெட்ரோலும் ஒழுங்காகக் கலக்காது. ஒரு தடவை நன்றாக எரியும், அடுத்த தடவை பாதி எரியும். கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற அடுப்பை ஒரு டம்ளர் பால் காய்ச்சும் அளவுக்குத் தணித்து, அணையாமல் நிறுத்தச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வேலைதான் இது.

பந்தயத்தில் பாதி எரிந்த பெட்ரோல் வெளியே போனால் யாரும் கேட்கப் போவதில்லை. சாலையில் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை விதி இருக்கிறது. எரியாமல் வெளியே வரும் ஹைட்ரோகார்பனுக்கு அது கணக்கு கேட்கும். அந்த எஞ்சினை 1,200 ஆர்பிஎம் அளவுக்கு இறக்கி, அங்கே ஆடாமல் நிற்க வைத்திருக்கிறார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நான் ட்யூனிங் வேலையில் தலை நரைத்தவன். கேம் மாற்றிய ஒரு சாதாரண பந்தய பைக் எஞ்சினை 1,500-இல் நிறுத்தவே எத்தனை ராத்திரி தூக்கம் கெடும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. எஃப்1 எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணவே முடியாது. இடைவெளிகள் அவ்வளவு இறுக்கம். வெளியில் இருந்து சூடான தண்ணீரும் எண்ணெயும் ஓடவிட்டு, உலோகம் விரிந்த பிறகுதான் உயிர் கொடுப்பார்கள். அதற்கென்று ஆட்களும் கருவிகளும் கேரேஜில் நிற்கும். ஏஎம்ஜி ஒன் வாங்கியவர் தனியாக உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறார். அதுவும் கடையில் கிடைக்கிற சூப்பர் பிளஸ் பெட்ரோலில். எஃப்1-இல் விதிப்படி 15,000 வரை அனுமதி. இதில் 11,000-இல் நிறுத்தியதற்கு அந்தப் பெட்ரோலும் எஞ்சின் ஆயுளும்தான் காரணம்.

தென்றல்

மெக்கானிக் அண்ணா, நன்றாகப் புரிந்தது. எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. எஃப்1 பேச்சில் எம்ஜியூ-ஹெச், எம்ஜியூ-கே என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் காரில் நான்கு மோட்டார்கள் என்றும் படித்தேன். எது எங்கே இருக்கிறது, எதற்கு இத்தனை?

மின்கலம்

தென்றல், என் பக்கத்து விஷயம் இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முன் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு மோட்டார். ஒவ்வொன்றும் 120 கிலோவாட், சுழற்சி 50,000 ஆர்பிஎம் வரை. இவை எஃப்1-இல் கிடையாது, அங்கே பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் சக்தி போகும். மூன்றாவது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டோடு கியர் வழியாக இணைந்தது. எம்ஜியூ-கே என்பது அதுதான். அதுவும் 120 கிலோவாட். முடுக்கும்போது எஞ்சினுக்குக் கைகொடுக்கும், பிரேக் போடும்போது மின்சாரம் எடுக்கும். இது வரைக்கும் மற்ற ஹைப்ரிட் கார்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதில்லை.

நான்காவதுதான் எம்ஜியூ-ஹெச். டர்போவுக்கு இரண்டு சக்கரங்கள் உண்டு. எக்ஸாஸ்ட் புகை தள்ளும் டர்பைன் ஒன்று, காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் கம்ப்ரசர் இன்னொன்று. சாதாரணமாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே கூட்டில் இருக்கும். மெர்சிடிஸ் 2014-இல் எஃப்1-இல் செய்தது என்னவென்றால், டர்பைனை எஞ்சினுக்கு ஒரு பக்கம், கம்ப்ரசரை மறு பக்கம் என்று பிரித்து, வி6-இன் இடுக்கு வழியாக ஒரு தண்டால் இணைத்தார்கள். சூடான பகுதி ஒரு முனையில், குளிர்ந்த காற்று மறுமுனையில். அந்தத் தண்டில் உட்கார்ந்திருப்பதுதான் எம்ஜியூ-ஹெச். ஏஎம்ஜி ஒன்னிலும் அதே அமைப்பு. மோட்டார் 90 கிலோவாட், டர்போ சுழலும் வேகம் ஒரு லட்சம் ஆர்பிஎம் வரை.

இதற்கு இரண்டு வேலை. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் புகை வரும் வரை காத்திருக்காமல் கம்ப்ரசரை மின்சாரத்தால் சுழற்றிவிடும். அதனால் டர்போ லேக் என்ற அந்தத் தாமதப் பேச்சே இல்லை. மறுபக்கம், முழு வேகத்தில் புகை தேவைக்கு அதிகமாக வரும்போது டர்பைனில் இருந்து மின்சாரம் எடுக்கும். அதாவது சைலன்சர் வழியாக வீணாகப் போகும் வெப்பம் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. பிரிக்ஸ்வொர்த்தில் இருக்கும் மெர்சிடிஸ் எஞ்சின் ஆலை 2017-இல் சோதனை மேடையில் 50 சதவீத வெப்பத் திறனைத் தாண்டியதற்கு இதுதான் முக்கியக் காரணம். எரிக்கும் பெட்ரோலில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது. பெட்ரோல் எஞ்சினில் அது எவ்வளவு பெரிய எண் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பேட்டரி 8.4 கிலோவாட்-மணி, 800 வோல்ட். ஒவ்வொரு செல்லையும் திரவம் நேராகத் தொட்டுக் குளிர்விக்கிறது. மின்சாரத்தில் மட்டும் 18 கிலோமீட்டர் ஓடும். கிளம்பும்போது கார் முன் சக்கர மோட்டார்களில் சத்தமில்லாமல் நகர்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டர்களை மின்சாரம் சூடாக்கிய பிறகுதான் வி6 எழுகிறது. மெக்கானிக் அண்ணா சொன்ன யூரோ 6 கணக்கை முதல் நிமிடத்திலேயே சமாளிப்பது இப்படித்தான்.

கணக்கன்

விளக்கம் அருமை. ஆனால் அதே எம்ஜியூ-ஹெச்சை எஃப்1 பந்தயமே தூக்கிப் போட்டுவிட்டதே? 2026 விதியில் அது இல்லை. இவ்வளவு உயர்ந்த பொருள் என்றால் ஏன் விட்டார்கள்?

வெள்ளிஅம்பு

நான் மெர்சிடிஸ் அணியை நெடுநாளாகப் பின்தொடர்பவன், அதனால் சாய்வு இருக்கும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எஃப்1 அதை விட்டதற்குக் காரணம் செலவு. 2014-இல் மெர்சிடிஸ், ஃபெராரி, ரெனோ மூன்றும் இதில் இறங்கின. அடுத்த வருடம் ஹோண்டா வந்து பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு லட்சம் ஆர்பிஎம் சுற்றும் தண்டில் மோட்டாரை வைத்து, ஆயிரம் டிகிரி புகைக்குப் பக்கத்தில் அதை உயிரோடு காப்பது ஓரிரு வருடத்தில் கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை. புதிதாக வர நினைத்த நிறுவனங்கள், இதைக் கற்கவே பத்து வருடம் ஆகும், நாங்கள் எப்படிப் போட்டியிடுவது என்று கேட்டன. அதை நீக்கியது ஆடி (Audi) நிறுவனம் எஃப்1-க்குள் வர ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பதில் எம்ஜியூ-கே 350 கிலோவாட்டாக வளர்ந்திருக்கிறது.

அதனால் எனக்கு இந்தக் கார் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 2014 முதல் 2025 வரை பந்தயத்தில் மட்டுமே இருந்த அந்த முழு எஞ்சின் அமைப்பு, சாலையில் ஓடும் உருவில் இந்த 275 கார்களில்தான் இருக்கிறது.

கணக்கன் "யாருக்கு என்ன கிடைத்தது" என்று கேட்டார். 2022-இல் வந்த ஏஎம்ஜி எஸ்எல் 43 காரைப் பாருங்கள். இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின், டர்போ தண்டில் ஒரு சின்ன மின் மோட்டார். போர்ஷே 2024-இல் 911 ஜிடிஎஸ்ஸில் இரண்டு டர்போவை எடுத்துவிட்டு, மோட்டார் வைத்த ஒரே டர்போவைப் போட்டார்கள். அது மின்சாரமும் தயாரிக்கிறது. ஃபெராரி எஃப்80-இலும் மின் டர்போ. எண்ணம் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள்.

கணக்கன்

வெள்ளிஅம்பு, இந்த இடத்தில்தான் எனக்கு முரண்பாடு. எஸ்எல் 43-இன் டர்போ காரெட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது, 48 வோல்ட்டில் ஓடுகிறது. அது எஃப்1 பந்தயத் தடத்தில் கற்ற பாடம், சரி. ஆனால் பாடம் அங்கிருந்து நேராக எஸ்எல் 43-க்கு வந்துவிட்டது. ஏஎம்ஜி ஒன் வாங்கியவர் கைக்குப் போவதற்கு முன்பே எஸ்எல் 43 அறிவிப்பு வந்தாயிற்று. நடுவில் இந்த ஹைப்பர்கார் இல்லாமல் இருந்தாலும் அந்தச் சின்ன மோட்டார் வந்திருக்கும்.

பந்தயத்தைக் குறை சொல்லவில்லை நான். பந்தய எஞ்சினை முழுசாகத் தூக்கிச் சாலைக் காரில் வைப்பதால் சாலைக் காருக்கு என்ன லாபம் என்றுதான் கேட்கிறேன்.

எட்டாம்வளைவு

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொரு காரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே. ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி. அதே காலம், அதே ஆசை, ஆனால் வந்த வழி வேறு.

அதை வடிவமைத்த எஃப்1 வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி, எஃப்1-இன் ஏரோடைனமிக்ஸை (காற்றைக் கையாளும் வடிவமைப்பை) எடுத்துக்கொண்டார். எஞ்சினை எஃப்1-இல் இருந்து எடுக்கவில்லை. காஸ்வொர்த் நிறுவனம் புதிதாக 6.5 லிட்டர் வி12 செய்து கொடுத்தது, டர்போ இல்லாமல், 11,100 ஆர்பிஎம் வரை. அதற்கு மேல் ஒரு ஹைப்ரிட் மோட்டார். சாலை விதிகளை முதல் நாளில் இருந்தே மனதில் வைத்து வரைந்த எஞ்சின் அது. அப்படியும் அந்தக் காரும் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் காரணங்கள் வேறு. கவனித்தீர்களா, 2025-இல் வால்கிரி உலக எண்டியூரன்ஸ் (நெடுநேரப்) பந்தயத்துக்குப் போனபோது ஹைப்ரிட்டைக் கழற்றிவிட்டு வி12-ஐ மட்டும் வைத்து ஓடியது. ஏஎம்ஜி ஒன்னில் அப்படிக் கழற்றவே முடியாது. மின்சாரத்தை எடுத்துவிட்டால் அந்த எஞ்சினே முழுமையாக இருக்காது.

ஓடும் திறமைக்கு வருவோம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் தடத்தில் 2022 அக்டோபர் 28-இல் பந்தய ஓட்டுநர் மாரோ எங்கல் இந்தக் காரை 6:35.183 நிமிடத்தில் சுற்றினார். தடம் சில முக்கியமான இடங்களில் முழுசாகக் காயவில்லை. 2024 செப்டம்பரில் அவரே திரும்பி வந்து 6:29.090 எடுத்தார். சாலையில் ஓட்டும் தயாரிப்புக் கார்களில் ஆறரை நிமிடத்துக்குள் வந்த முதல் கார் அது. 2013-இல் போர்ஷே 918 6:57 எடுத்து ஏழு நிமிடத்தை உடைத்தபோது நாம் எல்லோரும் வாய் பிளந்தது நினைவிருக்கும். அதில் இருந்து 28 விநாடி குறைவு.

வெறும் குதிரைத்திறனில் வந்த நேரமில்லை இது. 20.8 கிலோமீட்டர் சுற்று. பேட்டரியோ 8.4 கிலோவாட்-மணி. எல்லா மோட்டாரும் முழு மூச்சில் இழுத்தால் கடைசி நீண்ட நேர்ப்பாதைக்கு முன்பே காலியாகிவிடும். எந்த வளைவுக்கு முன்னால் எவ்வளவு சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்பதை எங்கல் ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டியிருந்தது. எஃப்1 ஓட்டுநர்கள் ஒவ்வொரு ஞாயிறும் செய்யும் வேலை அது. கணக்கன், நெவேராவோடு ஒப்பிட்டீர்களே, 1,914 குதிரைத்திறன் நேர்கோட்டில் பயங்கரம். வளைவுகளில் எடைதான் பேசும். ஏஎம்ஜி ஒன் 1,695 கிலோ, நெவேரா 2,300-ஐ ஒட்டி.

தென்றல்

50,000 கிலோமீட்டரில் எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்ற விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் சின்னக் காரே அதைத் தாண்டி ஓடுகிறது. அது குறைதானே?

பழைய மெக்கானிக்

தங்கச்சி, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எஃப்1-இல் ஒரு ஓட்டுநருக்கு வருடத்துக்கு மூன்று நான்கு எஞ்சின்தான் தருவார்கள். ஒரு பந்தயம் சுமார் 305 கிலோமீட்டர். பயிற்சி, தகுதிச் சுற்று எல்லாம் சேர்த்தாலும் ஒரு எஞ்சின் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். அந்தக் குடும்பத்தில் பிறந்த எஞ்சினை 50,000 என்று பேச வைத்திருக்கிறார்கள் என்றால், அது எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

இதில் ஒரு பாகத்தை மட்டும் சொல்கிறேன், வால்வு. நம் கார்களில் வால்வை மூடுவது உலோகச் சுருள் ஸ்பிரிங். வேகம் ரொம்ப ஏறினால் ஸ்பிரிங் வால்வோடு ஈடுகொடுத்துத் திரும்பி வராது. வால்வு மூடாமல் மிதக்கும். கொஞ்சம் தாமதமானாலும் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும், எஞ்சின் அதோடு போச்சு. அதனால் 1986-இல் ரெனோ எஃப்1-இல் சுருளை எடுத்துவிட்டு அழுத்தக் காற்றை ஸ்பிரிங்காக வைத்தார்கள். ஏஎம்ஜி ஒன்னிலும் காற்று ஸ்பிரிங்தான். கேம் ஷாஃப்ட்டை ஓட்டுவதும் செயின் இல்லை, பல் சக்கரங்கள். பந்தயத்தில் இந்தக் காற்று அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு தடவையும் ஆள் இருப்பார். சாலைக் காரில் அது மாதக் கணக்கில் நின்று, அப்புறம் எழுந்தாலும் வேலை செய்ய வேண்டும். அதற்குத் தனியாக யோசித்திருக்கிறார்கள்.

கணக்கன் தம்பி லாபம் கேட்டார். என் பதில் இதுதான்: பந்தய எஞ்சினை விதிக்குள் அடக்க முடியுமா என்பது 2017-இல் யாருக்கும் தெரியாது. முடியும் என்று இன்று தெரியும். எங்கள் வேலையில் அது பெரிய லாபம்.

மான்செஸ்டர்க்காரன்

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். 2022-இல் குட்வுட் வேகத் திருவிழாவில் இந்தக் காரைப் பக்கத்தில் பார்த்தேன். படத்தில் தெரியாத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் அது நகர்ந்தது தெரியவே இல்லை. டயர் சரளையை நசுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எஞ்சின் எழுந்ததும் வந்த சத்தத்தைச் சங்கீதம் என்று சொல்ல மாட்டேன். ஃபெராரி வி12 போல நீண்டு பாடாது. பல் சக்கரங்கள் கடகடக்கும் கரகரப்பு, அதற்கு மேல் டர்போவின் மெல்லிய விசில். தொழிற்சாலைக்குள் நிற்பது மாதிரி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எதையும் அழகுபடுத்த அவர்கள் முயலவில்லை.

இரண்டாவது, முன் சக்கர வளைவுக்கு மேல் இருக்கும் அந்தச் சிறு இதழ்கள். பந்தய மோடுக்குப் போகும்போது அவை வரிசையாக எழுந்து சக்கரக் குழிக்குள் சிக்கிய காற்றை வெளியே விடுகின்றன. காரின் முன்பக்கம் 37 மில்லிமீட்டர், பின்பக்கம் 30 மில்லிமீட்டர் இறங்குகிறது. ஸ்டீயரிங்கில் காற்றுத் தடையைக் குறைக்கும் டிஆர்எஸ் பட்டன் வேறு. அதை அழுத்தினால் இறக்கையின் மடிப்பும் இந்த இதழ்களும் படிந்துவிடும்.

பவர்ட்ரெயின் பிரிக்ஸ்வொர்த்தில் கையால் கோக்கப்பட்டு, கார் காவென்ட்ரியில் முழுமையாகி, கடைசியில் மூடிய லாரியில் ஜெர்மனியின் அஃபால்டர்பாக்குக்குப் போய் அங்கேதான் வாடிக்கையாளரிடம் கொடுக்கப்படுகிறது. ஜெர்மன் நட்சத்திரம் தாங்கிய காரில் இங்கிலாந்துக் கைவேலை இவ்வளவு இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது.

கணக்கன்

நல்ல இழை. மெக்கானிக் அண்ணா சொன்ன லாபத்தை மறுக்கவில்லை, ஆனால் அது பொறியாளருக்குக் கிடைத்த லாபம். காரின் மதிப்பு அது ஓடுவதில் இருக்கிறது என்பேன் நான். 2045-இல் இதை யார் ஓட்டிக்கொண்டு போவார்கள்? 1995 ஃபெராரி எஃப்50-உம் எஃப்1 வழி வந்த வி12 எஞ்சின்தான், 349 கார்கள். அதை இன்றைக்கும் நல்ல பணிமனையில் பிரித்து மாட்டலாம். மெக்லாரன் எஃப்1 என்ற பெயருள்ள சாலைக் காரைச் சர்வீஸ் பண்ண, தொண்ணூறுகளின் காம்பாக் லேப்டாப் ஒன்றை நிறுவனம் தேடிப் பிடித்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அதில் இருந்ததோ ஒரு எஞ்சின் கணினி. இங்கே நான்கு மோட்டார், 800 வோல்ட் பேட்டரி, காற்று ஸ்பிரிங், ஒரு லட்சம் ஆர்பிஎம் டர்போ, எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் மென்பொருள்.

மின்கலம்

இந்தக் கவலையில் நான் உங்கள் பக்கம். உலோகப் பாகத்தைத் திரும்பச் செதுக்கலாம், கேம் ஷாஃப்ட்டை வரைபடம் பார்த்து அரைக்கலாம். லித்தியம் செல் ஓடினாலும் வயதாகும், சும்மா நின்றாலும் வயதாகும். 918, பி1, லாஃபெராரி மூன்றின் பேட்டரியும் இப்போது பத்து வருடத்தைத் தாண்டிவிட்டன. இவற்றை வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறார்கள். ஒரே வடிவ செல் இருபது வருடம் கழித்துச் சந்தையில் இருக்காது. புது செல்லைப் போட்டால் குளிர்விக்கும் அமைப்பும் பேட்டரியைக் கவனிக்கும் மென்பொருளும் சேர்ந்து மாற வேண்டும்.

செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் மென்பொருளின் மூலமும் வரைபடமும் பிரிக்ஸ்வொர்த்தில் பத்திரமாக இருந்தால்தான் முடியும். மான்செஸ்டர்க்காரன், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். பி1 வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி மாற்றுவதை அங்கே இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுத முடியுமா? இந்தக் காருக்கு வரப்போவதை அதில் இருந்தே ஓரளவு கணிக்கலாம்.